குற்றம் கூடியதா, பதிவு கூடியதா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளிவரும் நாளில் என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எந்த மாநிலம் முதலிடம், எந்த நகரம் பாதுகாப்பானது என்று தொலைக்காட்சிகளில் பட்டியல்கள் ஓடும். எண்ணிக்கை ஏறியிருந்தால் சட்டம் ஒழுங்கு சீர்கெட்டுவிட்டது என்று எதிர்க்கட்சி அறிக்கை விடும். இறங்கியிருந்தால் ஆளுங்கட்சி அதைத் தன் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இந்த இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன. காவல் நிலைய ஏட்டில் ஏறிய எண்ணிக்கைதான் ஊரில் நடந்த குற்றத்தின் அளவு என்று இரண்டும் நம்புகின்றன.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1.68 லட்சம். 2020இல் அது சுமார் 8.9 லட்சமாயிற்று. ஒரே ஆண்டில் ஐந்து மடங்கு. அந்த ஆண்டின் பல மாதங்கள் கடைகள் பூட்டிக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை, ஜனங்கள் வீட்டோடு முடங்கியிருந்தார்கள். அப்படியிருந்தும் குற்றப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசைக்கு வந்துவிட்டது. காரணம் ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகள். அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது தொடர்பான 188ஆவது பிரிவில் மட்டும் நாடு முழுவதும் 2019இல் 29,469 வழக்குகள், 2020இல் 6,12,179. மூக்குக்குக் கீழே முகக்கவசம் இறங்கியவரும், பால் வாங்க வெளியே வந்தவரும் அந்த ஆண்டின் ‘குற்ற அலை’யில் ஓர் அலகு.

காப்பகமே தன் அறிக்கையின் முன்பகுதியில் ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் வைக்கிறது. பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு கட்டுவது பிழை என்பது அதன் சாரம். அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் எல்லோரும் பட்டியலுக்குப் போகிறார்கள். குற்றவியல் ஆய்வுலகம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

ஒரு குற்றம் எண்ணாகும் வழி

மாலை நேரம், கடைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து இரண்டு பவுன் சங்கிலியைப் பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் நடந்துவிட்டது. அது புள்ளிவிவரமாவதற்கு இன்னும் பல படிகள் ஏற வேண்டும்.

முதல் படி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஸ்டேஷன், கோர்ட்டுன்னு யார் அலையறது? போனது போகட்டும்’ என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதைத் தாண்டி அவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். பெஞ்சில் அரைமணி நேரம். பிறகு ஸ்டேஷன் ரைட்டர் கூப்பிடுகிறார்.

‘வண்டி நம்பர் பாத்தீங்களாம்மா?’

‘இல்லீங்க சார்.’

‘நகைக்கு பில்லு இருக்கா?’

‘கல்யாணத்துக்குப் போட்டது சார். பில்லெல்லாம் இப்ப இல்ல.’

‘அறுத்துட்டுத்தான் போனாங்களா, நீங்களே எங்கயாவது தவறவிட்டுட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.’

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒரு வழக்கின் தலையெழுத்து இருக்கிறது. ‘தவறவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அது குற்றமே இல்லை. ‘அறுத்தார்கள்’ என்றால் எந்தப் பிரிவு என்ற கேள்வி வருகிறது. வழிப்பறியா, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சங்ஹிதாவின் 304ஆவது பிரிவு புதிதாகத் தனித்துச் சொல்லும் பறிப்பா, வெறும் திருட்டா? ஒவ்வொன்றும் அறிக்கையில் வேறு வேறு கட்டத்தில் போய் விழும். அதற்கும் முன்னால் ‘அந்தத் தெரு எங்க லிமிட்டே இல்ல’ என்று பக்கத்து நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். அல்லது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து ‘விசாரிச்சுட்டுச் சொல்றோம்’ என்று அனுப்பலாம். சிஎஸ்ஆர் என்பது புகார் வந்ததற்கான ஒப்புகை. எஃப்ஐஆர் எனும் முதல் தகவல் அறிக்கை போடப்பட்டால்தான் குற்றம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். ரசீதோடு நின்றுபோன புகார்கள் தேசிய அறிக்கையில் ஏறுவதில்லை.

எஃப்ஐஆர் ஆனபிறகும் எண்ணும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் தண்டனை அதிகமான ஒன்றை மட்டும் கணக்கில் எடுப்பது காப்பகத்தின் விதி. பாலியல் வன்கொலை ஒன்று கொலைக் கட்டத்தில் ஏறும். பாலியல் வன்முறைக் கட்டத்தில் அது வராது. கணக்கின் அலகு வழக்கு, பாதிக்கப்பட்டவர் அல்ல. நிதி நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினாலும், அது ஒரே எஃப்ஐஆரில் அடங்கினால் எண்ணிக்கை ஒன்றுதான். கடைசியாக இதை மக்கள்தொகையால் வகுத்து ‘லட்சத்துக்கு இவ்வளவு’ என்று விகிதம் சொல்கிறார்கள். 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காத நிலையில் அந்த வகுக்கும் எண்ணும் மதிப்பீடுதான்.

பழைய சந்தேகம்

குற்றத்தை எண்ணத் தொடங்கிய காலத்திலேயே இந்தச் சிக்கல் தெரிந்துவிட்டது. பிரான்ஸ் அரசு 1827இல் தன் நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆண்டுத் தொகுப்பாக வெளியிடத் தொடங்கியது. பெல்ஜியத்தின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே அதை வைத்து 1831இல் குற்றமும் வயதும் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை எழுதினார். நமக்குத் தெரியவரும் குற்றத்துக்கும் நடக்கும் மொத்தக் குற்றத்துக்கும் இடையிலான விகிதம் ஆண்டுக்காண்டு மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ‘வைத்துக்கொண்டால்’ என்ற சொல்லின்மேல்தான் பின்வந்த குற்றப் புள்ளியியல் முழுவதும் நிற்கிறது.

நூறு ஆண்டு கழித்து, 1931இல், அமெரிக்காவின் தோர்ஸ்டன் செலின் ஒரு நடைமுறை விதியை வகுத்தார். குற்றம் நடந்த இடத்திலிருந்து நிர்வாகப் படிகளில் விலகிப் போகப் போக, அந்த எண்ணின் மதிப்பும் குறைந்துகொண்டே போகும். போலீஸுக்குத் தெரிந்த குற்றம் ஓரளவு நம்பகமானது. கைது எண்ணிக்கை அதைவிடக் குறைவு. தண்டனை எண்ணிக்கை அதனினும் குறைவு. நம் ஊரில் தண்டனை விகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘பொய் வழக்குகள் பெருகிவிட்டன’ என்று வாதிடுகிறவர்கள் செலினைப் படிப்பது நல்லது.

1963இல் சமூகவியலாளர்கள் ஜான் கிட்சூஸும் ஆரன் சிக்கூரலும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குற்றப் புள்ளிவிவரம் மக்களின் நடத்தையைச் சொல்வதற்கு முன்னால், அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நடத்தையைச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். 1970இல் டொனால்ட் பிளாக் இதற்குக் கண்ணால் கண்ட சான்று கொடுத்தார். 1966 கோடையில் பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் ரோந்து போலீஸாருடன் ஆய்வாளர்கள் கூடவே போய், புகார்தாரரும் போலீஸும் சந்தித்த தருணங்களைக் குறித்திருந்தார்கள். எது அறிக்கையாகிறது, எது காற்றோடு போகிறது என்று பிளாக் அவற்றிலிருந்து பிரித்துப் பார்த்தார். குற்றத்தின் கடுமை ஒரு காரணம்தான். புகார்தாரர் நடவடிக்கையை வற்புறுத்துகிறாரா, எதிராளி அந்நியரா உறவினரா, புகார்தாரர் போலீஸிடம் மரியாதையாகப் பேசுகிறாரா என்பவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தன. அந்நியர் அடித்தால் அறிக்கை. சொந்தக்காரர் அடித்தால் பெரும்பாலும் இல்லை.

பாஸ்டனில் கண்டதைப் புரிந்துகொள்ள நமக்குப் பாஸ்டன் தேவையில்லை. ‘புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்தா எப்படிம்மா?’ என்ற வாக்கியத்தைக் கேட்காத காவல் நிலையம் நம் நாட்டில் அபூர்வம். சாதி இதில் இன்னொரு அடுக்கு. பட்டியல் சாதியினர் கொடுக்கும் புகாரை இழுத்தடிப்பதும், எதிர்த்தரப்பிடம் ஒரு புகாரை வாங்கிச் சமன் செய்வதும் பரவலாக இருந்ததால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே கடமை தவறும் அரசு ஊழியருக்குத் தண்டனை எழுத வேண்டிவந்தது. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டிவந்ததும் அதனால்தான்.

எழுதாமல் விடுவதன் லாபம்

ஒரு காவலர் வழக்குப் பதியத் தயங்குவதைச் சோம்பல் என்றோ ஊழல் என்றோ மட்டும் சொல்லிவிட்டால் விஷயத்தின் பாதி விட்டுப்போகும். பதியும் ஒவ்வொரு வழக்கும் அவருக்கு வேலை: மகஜர், சாட்சி, குற்றப்பத்திரிகை, வருடக்கணக்கில் கோர்ட் வாய்தா. கண்டுபிடிக்க முடியாத சங்கிலிப் பறிப்பு ஒன்றைப் பதிந்தால், மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் ‘நிலுவை ஏன்?’ என்ற கேள்வி. பதியாவிட்டால் எல்லை அமைதி. 1977 முதல் 1981 வரை இயங்கிய தேசியக் காவல் ஆணையம் இந்த நோயை அப்போதே கண்டு சொன்னது. குற்ற எண்ணிக்கையை வைத்து அதிகாரியின் திறமையை அளக்கும்வரை, குற்றத்தை மறைப்பதற்கான தூண்டுதலும் இருந்துகொண்டே இருக்கும்.

இது இந்திய நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையைக் கண்காணிக்கும் அரசுத் தணிக்கை அமைப்பு 2014இல் புகார்களையும் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. போலீஸுக்குத் தெரிவிக்கப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவே இல்லை. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். பாலியல் குற்றங்களில் விடுபட்டது 26 சதவீதம், வன்முறைக் குற்றங்களில் 33. போலீஸ் பதிவுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் அதே ஆண்டு ஜனவரியில் விலக்கிக்கொண்டது. பிறகு பதிவு ஒழுங்காயிற்று. வன்முறைக் குற்றங்களின் பதிவு மளமளவென்று ஏறியது. அதே ஆண்டுகளில் மக்களிடம் நேரடியாகக் கேட்டெடுத்த கணக்கில் அப்படியொரு ஏற்றம் தெரியவில்லை. வன்முறை இருந்த இடத்தில்தான் இருந்தது. பேனாதான் வேகமெடுத்திருந்தது.

இதற்கு நேர்மாறான தூண்டுதலும் உண்டு. மதுவிலக்கு, குட்கா, பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தது போன்ற வழக்குகளில் புகார்தாரர் என்று யாரும் வருவதில்லை. போலீஸே போய்ப் பிடித்தால்தான் வழக்கு. ‘இந்த மாசம் இத்தனை கேஸ் காட்டணும்’ என்று மேலிருந்து சொன்னால் எண் ஏறும், சொல்லாவிட்டால் இறங்கும். இவ்வகை எண்கள் காவல்துறையின் உழைப்பைக் காட்டும். சமூகத்தின் ஒழுக்கத்தைக் காட்டுவதில்லை. புகாரால் பிறக்கும் வழக்கையும் போலீஸ் நடவடிக்கையால் பிறக்கும் வழக்கையும் ஒன்றாகக் கூட்டி ஒரு ‘மொத்தக் குற்றம்’ சொல்வது, பெய்த மழையையும் லாரியில் வந்த தண்ணீரையும் கூட்டி மழையளவு சொல்வது போன்றது.

ஏட்டை விட்டு வீட்டைக் கேட்பது

போலீஸ் ஏட்டை நம்ப முடியாதென்றால் வேறு எதைக் கேட்பது? பாதிக்கப்பட்டவரைக் கேட்பதுதான் வழி. குற்றவியல் நீதி பற்றி அமெரிக்க அதிபர் நியமித்த ஆணையத்துக்காக 1966இல் பத்தாயிரம் வீடுகளில் கணக்கெடுத்தார்கள். போலீஸ் பதிவில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வன்முறைக் குற்றங்கள் வெளிவந்தன. 1970களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கா இதை ஆண்டுதோறும் செய்துவருகிறது. பிரிட்டனில் முதல் கணக்கெடுப்பு 1982இல் நடந்தது. ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களிடமிருந்து எதையாவது யாராவது பறித்தார்களா? போலீஸுக்குச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் ஏன்?’ இந்த மூன்று கேள்விகளில் ஒரு நாட்டின் குற்றநிலையும் காவல்துறைமீது மக்களுக்குள்ள நம்பிக்கையும் ஒருசேர வெளிப்பட்டுவிடுகின்றன.

இதற்கும் குறைகள் உண்டு. செத்தவர் பதில் சொல்ல மாட்டார். ஆகவே கொலை இதில் வராது. வீடில்லாதவர்களும் சிறுவர்களும் பெரும்பாலும் விடுபடுவார்கள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருக்க, மனைவியிடம் அடி உதை பற்றிக் கேட்டால் உண்மை வராது. ஆனாலும் கணக்கெடுப்பின் பிழைகள் ஒருவகை, போலீஸ் ஏட்டின் பிழைகள் வேறுவகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் இத்தகைய நாடு தழுவிய கணக்கெடுப்பு முறையாக, ஆண்டுதோறும் நடப்பதில்லை. தனியார் முயற்சிகள் சில உண்டு. ஐடிஎஃப்சி ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் எடுத்த கணக்கு 2017இல் வெளிவந்தது. திருட்டுக்கு ஆளானவர்களில் ஒரு சிறு பங்கினரே எஃப்ஐஆர்வரை போயிருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. பெண்கள்மீதான வன்முறைக்கு மட்டும் வேறொரு ஜன்னல் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு தனிமையில் வைத்து அதைக் கேட்கிறது. ஆய்வாளர் ஆஷிஷ் குப்தா 2014இல் அந்த ஆய்வின் 2005ஆம் ஆண்டுத் தரவைக் காப்பகத்தின் கணக்கோடு ஒப்பிட்டார். கணவரல்லாத ஆண்கள் இழைத்த பாலியல் வன்முறைகளில் போலீஸுக்குப் போனது நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. கணவர் இழைத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2022இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் தேசிய விகிதம் ஒரு லட்சம் பெண்களுக்கு 66.4. தமிழ்நாட்டின் விகிதம் அதில் பாதிக்கும் கீழே. பெண்களுக்குப் பாதுகாப்பான மாநிலம் என்று நாம் மேடைகளில் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த குடும்ப நல ஆய்வின்படி, கணவரின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானதாகச் சொன்ன திருமணமான பெண்கள் நாட்டளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. தெருவில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் வேறு என்பது உண்மை. ஓராண்டுப் பதிவும் வாழ்நாள் அனுபவமும் ஒன்றல்ல என்பதும் உண்மை. தமிழ்ப் பெண்கள் கேட்பவரிடம் மனம்விட்டுச் சொல்லத் துணிந்ததாலும் எண் கூடியிருக்கலாம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் முதல் எண்ணை மட்டும் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை.

ஏற்றம் நல்ல செய்தியாகும்போது

1993இன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. மாநிலங்கள் அதை வெவ்வேறு ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தின. லக்ஷ்மி ஐயர், அனந்தி மணி, பிராச்சி மிஸ்ரா, பெட்யா தொபலோவா ஆகிய நான்கு பொருளியலாளர்கள் இந்தக் கால வேறுபாட்டையே ஆய்வுக்கருவியாக்கினார்கள். 2012இல் வெளியான அவர்கள் முடிவின்படி, பெண்கள் பதவிக்கு வந்தபின் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு 46 சதவீதம் கூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதிர்ச்சி தரும் எண். ஆனால் பாலினம் சாராத பிற குற்றங்களில் அப்படியொரு ஏற்றம் இல்லை. பெண் தலைவர் இருந்த ஊர்களில் பெண்கள் புகார் சொல்லத் துணிந்தார்கள். போலீஸும் காது கொடுத்தது. கூடியது குற்றமன்று, குரல் என்பது ஆய்வாளர்களின் தீர்ப்பு.

மத்தியப் பிரதேசத்தில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். சந்தீப் சுக்தங்கர், கேப்ரியேலா குருக்ஸ்-விஸ்னர், அக்ஷய் மங்களா ஆகியோர் மாநிலக் காவல்துறையுடன் சேர்ந்து 180 காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பெண்களுக்கான உதவி மேசை, இன்னொன்றில் அதே மேசை, பெண் அதிகாரியின் பொறுப்பில், மூன்றாவது பழையபடியே. 2022இல் வெளியான முடிவு: மேசை இருந்த நிலையங்களில் பெண்கள் கொடுத்த புகார்கள் அதிகமாகப் பதிவாயின, பெண் அதிகாரி பொறுப்பில் இருந்த இடங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த நிலையங்களின் எல்லையில் பெண்களுக்கு எதிரான குற்றம் கூடிவிட்டது என்று எந்தத் தொலைக்காட்சியாவது சொல்லியிருந்தால், நல்ல வேலை செய்த நிலையங்களுக்கு அது கொடுத்த தண்டனையாக முடிந்திருக்கும்.

பெண்களுக்கான தனிக் காவல் நிலையங்களில் தமிழ்நாடு முன்னோடி. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. நியூயார்க்கில் பணியாற்றும் குற்றவியலாளர் மங்கை நடராஜன் தமிழ்நாட்டுப் பெண் காவலர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் ஒரு நூலே எழுதினார். இந்த ஏற்பாட்டின் பலன் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல மாநிலத் தரவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு பதிவு கூடியதாகச் சொல்கிறது. ஹரியானாவை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸால் 2020இல் வேறு முடிவுக்கு வந்தார். ‘மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க’ என்று தட்டிக்கழிக்க மற்ற நிலையங்களுக்கு அது ஒரு வழியாகிவிட்டது, பதிவு எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பது அவர் கண்டது. நம் ஊர் மகளிர் நிலையங்களில் கவுன்சலிங் என்ற பெயரில் எத்தனை புகார்கள் சமரசமாகி முடிகின்றன, அந்தச் சமரசம் எத்தனை மாதம் நீடிக்கிறது என்ற கணக்கு வெளியே வந்தால் இந்த விவாதத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும்.

கொலை என்ற உரைகல்

அப்படியானால் எந்த எண்ணையும் நம்பக்கூடாதா? நம்பலாம், தேர்ந்து நம்ப வேண்டும். பிணம் இருக்கும் குற்றத்தை மறைப்பது கடினம். ஆகவே கொலை ஓரளவுக்கு உரைகல். வாகனத் திருட்டும் அப்படித்தான். எஃப்ஐஆர் இல்லாமல் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பதால் மக்கள் விடாமல் பதிவார்கள். நியூயார்க்கில் 1990களுக்குப் பிறகு குற்றம் குறைந்ததா, எண்ணைக் குறைத்துக் காட்டினார்களா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. குற்றவியலாளர் பிராங்க்ளின் ஜிம்ரிங் போலீஸின் கொலைக் கணக்கைச் சுகாதாரத் துறையின் இறப்புக் கணக்கோடும், வாகனத் திருட்டைக் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கோடும் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. சரிவு உண்மைதான் என்று 2012இல் எழுதினார்.

நம் நாட்டிலும் அதே உரைகல்லைப் பயன்படுத்தலாம். மொத்தக் குற்ற விகிதத்தில் கேரளம் தேசியச் சராசரியின் இரு மடங்குக்கும் மேலே நிற்கிறது. கொலை விகிதத்தில் நாட்டிலேயே குறைவான மாநிலங்களில் ஒன்று, 2022இல் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழ். கேரளம் ஆபத்தான மாநிலம் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் புகார் கொடுக்கிறார்கள், நிலையம் எழுதிக்கொள்கிறது. 2012 டிசம்பரில் டெல்லி மாணவிக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு நாட்டில் பாலியல் வன்முறைப் பதிவு 2012இன் 24,923இலிருந்து 2013இல் 33,707 ஆயிற்று. அதே இரண்டு ஆண்டுகளில் கொலை 34,434இலிருந்து 33,201ஆகக் குறைந்தது. நாடு திடீரென்று கொடூரமாகிவிடவில்லை. சட்டத்தின் வரையறை விரிந்தது. பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பதிய மறுத்தால் போலீஸுக்கே தண்டனை என்று சட்டம் வந்தது.

உரைகல்லிலும் தேய்மானம் உண்டு. ‘ஸ்டவ் வெடித்து இறந்தார்’, ‘வயிற்றுவலி தாங்காமல் தற்கொலை’ என்று எழுதி மூடப்பட்ட சந்தேக மரணங்களுக்குள் எத்தனை கொலைகள் என்பது யாருக்கும் தெரியாது. ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2009இல் வெளிவந்த ஆய்வொன்று மருத்துவமனை, இறப்புப் பதிவுகளைக் கொண்டு 2001இல் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கும் மேல் என்று மதிப்பிட்டது. போலீஸ் கணக்கைப்போல் ஆறு மடங்கு. அவர்களில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். அத்தனையும் கொலை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைப் போலீஸ் ஏடு எண்ணக்கூட இல்லை என்பதை மட்டும் அது நிறுவியது.

செய்ய வேண்டியவை

லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்ஐஆர் பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதா, எல்லை பாராமல் எந்த நிலையத்திலும் புகார் தரவும், மின்னணு வழியில் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்திடவும் வழி செய்கிறது. அதே சட்டம், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தவும் இடம் கொடுத்திருக்கிறது. முன்வாசலைத் திறந்துவிட்டுப் பக்கத்துக் கதவில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைவிட அளவுகோலை மாற்றுவது அவசரம். தமிழ்நாடு நினைத்தால் டெல்லிக்குக் காத்திராமல் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஆண்டுக்கொரு முறை மாநிலம் தழுவிய பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு முதலாவது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. ஆளும் அறிவும் இங்கேயே உண்டு. நிலையம் வாரியாக எத்தனை சிஎஸ்ஆர் கொடுக்கப்பட்டது, அதில் எத்தனை எஃப்ஐஆர் ஆனது, மற்றவை எப்படி முடிந்தன என்ற கணக்கை வெளியிடுவது இரண்டாவது. குற்ற எண்ணிக்கை ஏறியதற்காக ஓர் ஆய்வாளரைக் கேள்வி கேட்பதை நிறுத்தி, வந்த புகாரை எழுதாமல் விட்டதற்காகக் கேள்வி கேட்பது மூன்றாவது.

இதற்கெல்லாம் செலவு பெரிதில்லை, துணிவுதான் வேண்டும். ஒழுங்காக எண்ணத் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் ஊடகத்துக்கும் வேண்டும். குற்றமே இல்லாத ஏடு என்பது பெரும்பாலும் கதவு சாத்திய காவல் நிலையத்தின் ஏடு.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்ஐஆர் கேளுங்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றி உடனே தர வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 173(2) பிரிவு. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமாகத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம் என்கிறது 173(4).